குருப் பொட்டி சொன்ன சொல்

குமரகுரு தன் கருவிக்கு வைத்த பெயர் வேறு. மூடியில் நீல எழுத்தில் அதை அச்சிட்டும் வைத்திருந்தார். ஆனால் எலச்சிபாளையத்திலிருந்து மேச்சேரி வரைக்கும் கோழிப் பண்ணைக்காரர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "குருப் பொட்டி கத்துதுங்க" என்றுதான் போனில் ஆரம்பிப்பார்கள். முதலில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பிறகு அவரே, "குருப் பொட்டிக்காரன் பேசறனுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

இந்த ஆடியில் ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. நாற்பதை இப்போதுதான் தாண்டியிருந்தார். அவர் என்ன வேலை பார்த்தார் என்று எங்கள் சொந்தத்தில் பலருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். கோழிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். அவர் மனைவி நான், கடைக்கு வந்த போன்களையெல்லாம் எடுத்தவளும் நான்தான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், முக்கியமாக அவருடைய கடைசிக் கோடையை.

அவருடைய அப்பா செல்லமுத்து போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்தவர். வருடத்தில் பெரும்பகுதி வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மகன் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று இன்ஜினியரிங் படிக்க வைத்தார். குமரகுரு எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். வைஃபை மாட்யூல்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஊர் திரும்பி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். கீழே இரும்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மேலே இவர் ஊசி முனை அளவு ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருப்பார்.

வைஃபை மாட்யூல் என்பது தபால்தலை அளவுள்ள ஒரு துண்டு. பெட்டியை இணையத்தோடு இணைப்பது அதுதான். அதைச் செய்கிற கம்பெனி அதோடு ஒரு மென்பொருள் தொகுப்பையும் தரும். எஸ்.டி.கே. என்பார்கள். அதை வைத்துத்தான் நமக்கு வேண்டிய புரோகிராமை எழுத வேண்டும். நான் அது என்னவென்று கேட்டபோது, "மாவ அவங்க ஆட்டிக் குடுத்துட்டாங்க, தோசைய நாம சுட்டுக்கோணும்," என்றார். "ஆனா மாவுல கல்லு கெடந்தா பல்லு போறது நமக்கு."

கல் நிறையக் கிடந்தது. ஷெட்டில் பெரிய மின்விசிறி ஓடத் தொடங்கும் நொடியில் பெட்டி தானாக அணைந்து மறுபடி எழும். காரணம் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா, பெட்டிக்குள்ளிருக்கும் செம்புத் தடங்களைப் பச்சையாக்கித் தின்றுவிடும். என் நகப்பூச்சை எடுத்துப் பூசிப் பார்த்தார், அது தாங்கியது. அதன்பிறகு மொத்தமாக வார்னிஷ் வாங்கினார். முதல் பெட்டிகளில் சிலவற்றின் உள்ளே இன்னும் ரோஸ் நிறம் இருக்கும்.

பெட்டியின் வேலை எளிது. ஷெட்டின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அளவு மீறினால் சொந்தக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். மின்சாரம் போனாலும் சொல்ல வேண்டும். இப்போது பலரும் கட்டியிருப்பது ஈசி ஷெட். நாலு பக்கமும் அடைத்து, ஒரு கோடியில் ஈரத் தட்டிகள், மறு கோடியில் காற்றை இழுக்கும் ராட்சத ஃபேன்கள். ஃபேன் நின்றால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு மூச்சு இல்லை. ஜெனரேட்டர் தானாக எழுந்துகொள்ள வேண்டும். எழாவிட்டால் மனிதன் ஓடிப்போய்க் கதவுகளைத் திறக்க வேண்டும்.

மின்சாரம் போனால் பெட்டியே செத்துப்போகுமே, அது எப்படிச் செய்தி அனுப்பும்? அதற்கு ஒரு வழி இருந்தது. பெட்டி ஒவ்வொரு முறை சர்வரோடு இணையும்போதும், நான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் இதைச் சொல்லிவிடு என்று ஒரு வார்த்தையை முன்கூட்டியே ஒப்படைத்துவிடும். பெட்டியிடமிருந்து சத்தம் நின்றதும் சர்வர் அந்த வார்த்தையை உரியவருக்கு அனுப்பும். அந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'கடைசி உயில்'. முதலில் அவர் எழுதிய உயில் ஆங்கிலத்தில் இருந்தது: டிவைஸ் ஆஃப்லைன். யாரும் படிக்கவில்லை. "அதெல்லாம் லோன் வேணுமான்னு கேக்கறவன் மெசேஜாட்டம் இருக்குதுங்க, அப்பவே அழிச்சுப்போடுவனுங்க," என்றார் ஒரு பண்ணைக்காரர்.

எனவே தமிழில் மாற்றினார். "கரண்ட் போனது" என்று போட்டார். ஒருவர், காலையில் எழுந்ததும் 'போனது' என்ற வார்த்தையில் கண் முழிக்க வேண்டியிருக்கிறது என்றார். நம் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்வார். அரிசி தீர்ந்தால்கூடத் தீர்ந்தது என்று சொல்ல வாய் வராத ஊர். ஆகவே பெட்டி இணைப்பை இழக்கும்போது 'வாரேனுங்க' என்றும், திரும்பி வந்ததும் 'வந்துட்டேனுங்க' என்றும் சொல்லும்படி எழுதினார். அது எல்லோருக்கும் பிடித்துப்போனது. மின்சாரம் அடிக்கடி போகும், ஜெனரேட்டர் எழுந்துகொள்ளும், 'வாரேனுங்க'வுக்குப் பின்னாலேயே 'வந்துட்டேனுங்க' வந்துவிடும். "உம்பட பொட்டிக்கு எங்கூட்டுப் பசங்களவிட மருவாதி தெரியுது," என்று ஒருவர் போன் செய்து சொன்னார். அன்று முழுக்கக் குமரகுருவின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மேச்சேரிக்குப் பக்கத்தில் மணியன், சௌந்திரம் என்று ஒரு தம்பதி. பொட்டல் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், அதிலேயே ஒரு ஈசி ஷெட் போட்டார்கள். கோழிக் கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். இவர்கள் வளர்த்துத் தர வேண்டும். கம்பெனி குஞ்சு இறக்கினால்தான் வருமானம். இறக்காவிட்டால் அத்தனை பெரிய ஷெட் வெறும் தகரக் கொட்டகை.

பங்குனியில் மணியன் பழனிக்குக் காவடிக் கூட்டத்தோடு நடந்து போனார். போவதற்கு முன் எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, நா நடப்பயணம் போறனுங்க. போனு பையில கெடக்கும், பாக்க முடியாது. மெசேஜெல்லாம் எங்கூட்டுக்காரி நம்பருக்கு வர்றாப்ல பண்ணிப்போடுங்க."

மாற்றிக் கொடுத்தோம். மறுநாளே சௌந்திரம் கூப்பிட்டார். பெட்டியில் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். குமரகுரு போனை வாங்கி, "நாளைக்கோ நாளான்னைக்கோ வாரேனுங்கக்கா," என்றார்.

ஷெட்டில் வேலை பார்த்த வடக்கத்தித் தம்பதி ஹோலிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். சௌந்திரம் மட்டும்தான். இரண்டு நாள் கழித்து மேச்சேரியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போனில் செய்தி வந்தது. குரு ஷெட்: வாரேனுங்க.

பெட்டியின் செய்தியெல்லாம் அதுவரை மணியன் போனுக்குத்தான் வந்தது. சௌந்திரம் என்ன நினைத்திருப்பார்? குரு கிளம்பிவிட்டான் என்றுதான். இரண்டு நாள் முன்பு குமரகுரு தன் வாயாலேயே சொன்ன அதே சொல். பக்கத்தில் இருந்தவரிடம், "குரு வாரானாமா. வெயில்ல அங்கிருந்து வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆவும். சோத்த உண்டுபோட்டுப் போறேன்," என்று சொல்லியிருக்கிறார். பதிலும் அனுப்பினார்: வாங்க சாமி, ஊட்டுல மோர் இருக்குது குடிச்சுட்டு இருங்க. அந்தப் பதில் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் வந்து கிடந்தது. பெட்டிக்கு யார் பதில் போடுவார்கள் என்று அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

ஜெனரேட்டரின் பேட்டரி இறந்திருந்தது, அது எழவில்லை. அவர் திரும்பி வந்தபோது காட்டில் ஃபேன் சத்தம் இல்லை. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்திருக்கிறது. ஈரத் தட்டிப் பக்கம் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து கிடந்தன. உயிரோடு இருந்தவை கொஞ்சம்தான்.

மறுநாள் காலை நானும் குமரகுருவும் போனோம். ஜே.சி.பி. குழி தோண்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மூட்டைகள் வரப்பில் அடுக்கியிருந்தன. மணியன் பாதி வழியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். காவி வேட்டி, வெறுங்கால், பாதத்தில் கொப்புளம். சௌந்திரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன் சாமி," என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"நா நேத்து வாரேன்னு சொல்லலீங்களேக்கா."

"மெசேஜு போட்டீங்களே."

போனை நீட்டினார். குமரகுரு அதை வாங்கிப் பார்த்தார். கேள்வியும் பதிலும் போல இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"இது நா போட்டது இல்லீங்கக்கா. பொட்டி போட்டது. கரண்ட் போனா அது, கெளம்பறேன்னு சொல்லும்."

"பொட்டி எங்க சாமி கெளம்புது?"

குமரகுரு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மணியன்தான் வெடித்தார். "ஏந்தம்பி, ஊடு பத்திக்கிட்டு எரியறப்ப வாரேனுங்கன்னா கத்துவீங்க? ஓடியாங்க, ஓடியாங்கன்னு கத்துவீங்க. உம்பட பொட்டிக்கு எதுக்குத் தம்பி அத்தன மருவாதி? சாவறப்பக்கூட 'ங்க' போட்டுக்கிட்டு!"

சொல்லிவிட்டு அவரே திரும்பி நின்றுகொண்டார். குழிக்குள் கோழிகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அதன்பிறகுதான் விஷயம் முற்றியது. கோழிக் கம்பெனிச் சூப்பர்வைசர் மாதேஷ், தர்மபுரிக்காரர், இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து சொன்னார். செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தம்மா பதிலும் போட்டிருக்கிறார். தெரிந்தும் போகவில்லை என்று சேலம் ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். இனி அந்த ஷெட்டுக்குக் குஞ்சு கிடையாது.

"நல்ல பண்ணை சார் அது. என்னால ஒண்ணும் பேச முடியல," என்றார்.

குமரகுரு மாதேஷையும் கூட்டிக்கொண்டு சேலம் போனார். நானும் போனேன். மேனேஜர் ஜெயபிரகாஷ் சென்னைக்காரர், சின்ன வயது, கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"இதுக்கு மேல ஒரு அலர்ட் என்ன சார் பண்ணும்? அவங்க கவனக்குறைவு," என்றார்.

"கவனிச்சதாலதாங்க பதில் போட்டாங்க."

"அப்ப ஏன் ஓடல?"

"நா வாரேன்னு நெனச்சுட்டாங்க. அந்தச் சொல் அப்படி."

"வாரேன்னா வர்றேன்னு அர்த்தம். கரண்ட் போனதுக்கு யாராவது வர்றேன்னு போடுவாங்களா?"

"எங்க பக்கம் போறவங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க."

மேனேஜர் மாதேஷைப் பார்த்தார். "கிளம்பும்போது நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"போய்ட்டு வர்றேன்னுதான் சார்."

"ஆமா, எங்க வீட்லயும் வரேன்னுதான் சொல்றோம்," என்று மேனேஜர் தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. அப்ப தப்பு அந்தம்மா மேல இல்ல, உங்க பாக்ஸ் மேல. அதானே சொல்றீங்க?"

"ஆமாங்க."

"நம்ம ஷெட் நாப்பதுக்கு மேல உங்க பாக்ஸ்தான் இருக்கு. அத்தனையும் இதே தப்போடதான் ஓடுது. சித்திரை வெயில் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

கடைசியில் அவர் சொன்னது இதுதான். சித்திரை முடிவதற்குள் கம்பெனி ஷெட்டுகள் அத்தனையிலும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துக் காட்ட வேண்டும். முடித்தால் சௌந்திரத்தின் ஷெட்டுக்கு அடுத்த குஞ்சு. முடியாவிட்டால் பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றி வேறு ஆளுடையதைப் போட்டுக்கொள்வார்கள். அந்த ஷெட்டும் போனது போனதுதான்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "ஏனுங்க, நீங்க பேசாம இருந்திருந்தா நம்ம பொட்டி தப்பிச்சிருக்குமே?"

"தப்பிச்சிருக்கும்," என்றார். "அந்தக்கா தப்பிச்சிருக்காது."

ஒரு சொல்லை மாற்றுவது ஒரு நாள் வேலை என்று வெளியாள் நினைக்கலாம். இப்போது வருகிற பெட்டிகளுக்குப் புதுப் புரோகிராமை வைஃபை வழியாகவே அனுப்பிவிடலாம். அந்த நாற்பது சொச்சம் பெட்டிகளும் பழசு. பழைய புரோகிராமும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க அந்த மாட்யூலில் இடம் போதாது. சொல் பெட்டிக்குள்ளேயே பதிந்திருந்தது. அவர் எடுத்திருந்த வாடகைச் சர்வரில் வழியில் பிடித்து மாற்றுகிற வசதி இல்லை. ஆகவே ஒவ்வொரு ஷெட்டுக்கும் நேரில் போய், ஏணி போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, கேபிள் வைத்து ஏற்ற வேண்டும். புதிய எஸ்.டி.கே. அந்தப் பழைய மாட்யூலைக் கண்டுகொள்வதும் இல்லை. பழைய தொகுப்பு ஓடுவது அவருடைய பழைய லேப்டாப் ஒன்றில் மட்டும்தான். அதற்கு பேட்டரி நிற்காது. மின்சாரம் இருக்கும் இடத்திலிருந்து நீளமான ஒயர் இழுத்து, ஏணியின் மேல் படியில் லேப்டாப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலை செய்வார்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. ஒரு கோழிப் பண்ணைக்குள் போனவரை அன்றைக்கு இன்னொரு பண்ணைக்காரர் உள்ளே விடமாட்டார். நோயைக் காலிலேயே கொண்டுவந்துவிடுவார் என்ற பயம். அது நியாயமான பயம். ஆக ஒரு நாளைக்கு ஒரு பண்ணைதான். காலையில் வீட்டில் குளித்துப் போவார். வாசலில் மறுபடி குளிக்கச் சொல்வார்கள். அவர்கள் கொடுக்கும் லுங்கியைக் கட்டி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, லேப்டாப்பைப் பாலித்தீனில் சுற்றி அதன்மேலும் மருந்து அடித்து உள்ளே போக வேண்டும். எந்தப் பண்ணைக்கு எந்த நாள் என்று நான் போன் செய்து வரிசை பிடிப்பேன்.

"வரட்டுங்க. ஆனா கோழிக்குச் சளி புடிச்சா குருகிட்டத்தான் வைத்தியம் கேப்பேன்," என்பார் ஒருவர்.

"ஓடியாங்கன்னு பொட்டி சொன்னா நா ஓடோணுமாக்கும்? அது என்ன எனக்கு மொதலாளியா?" என்பார் இன்னொருவர்.

புதுச் சொல் அதுதான். மணியன் கத்தியது. குமரகுரு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

சொல்லை ஏற்றிவிட்டால் சோதிக்க வேண்டும். சோதிக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உச்சி வெயிலில் எந்தப் பண்ணைக்காரரும் ஒரு நிமிடம்கூட ஃபேனை நிறுத்த விடமாட்டார். ஆகவே ஏற்றி முடித்துவிட்டு, சூடு தணியும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் காத்திருப்பார். நான் கொடுத்துவிட்ட தயிர்ச் சோறு அதற்குள் புளித்திருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார் என்று பண்ணைக்காரர்கள் பின்னால் சொன்னார்கள். பொழுது இறங்கியதும் ஃபேனை நிறுத்தி, சொந்தக்காரரின் போன் அலறுவதைப் பார்த்து, மாதேஷுக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். வீடு வந்து சேரும்போது உடம்பெல்லாம் மருந்து வாசனையும் கோழி வாசனையும். மறுநாள் இன்னொரு ஊர். தாரமங்கலம், ஓமலூர், இளம்பிள்ளை, மல்லசமுத்திரம்.

செல்லமுத்து மாமா ஒரு நாள் வாசலில் நின்று மகனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நா தொளையடிக்கப் போனப்பக்கூட இப்படிக் கருக்கல. படிக்க வெச்சது எதுக்குடா சாமி?" குமரகுரு கை கால் கழுவப் போனார்.

ஏணியில் பாதி ஏறி நின்றுவிட ஆரம்பித்தது அப்போதுதான். மாதேஷ்தான் எனக்குச் சொன்னார். நான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார். மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் சண்டை போட்டேன். "அந்தக்கா ஷெட்டு சும்மா கெடக்குது வெண்ணிலா," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயன் இருக்கவில்லை.

இளம்பிள்ளைப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய். யாரும் உள்ளே போகக் கூடாது என்று மாதேஷே தடுத்துவிட்டார். சித்திரை முடிய சில நாள்தான் இருந்தது. பெட்டியைக் கழற்றிச் சுவருக்கு இந்தப் பக்கம் கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்று குமரகுரு சொல்லியனுப்பினார். பண்ணைக்காரர் மிகவும் பொறுப்பானவர். பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே கிருமி இருக்கக் கூடாது என்று மருந்துத் தெளிப்பானை வைத்து நன்றாக அடித்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு பூச்சி பொட்டு இருக்காதுங்க. உள்ளார வெளிய எல்லாம் அடிச்சிருக்கறேன்."

அதைக் கையில் வாங்கிக்கொண்டு குமரகுரு அங்கேயே சாலையில் உட்கார்ந்து சிரித்தார். அந்தக் கோடையில் அவர் சிரித்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு முறைதான். புதுப் பெட்டி ஒன்று செய்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சித்திரை முடிவதற்குள் முடிந்தது. மாதேஷ் சேலத்துக்குச் சொன்னார். ஜெயபிரகாஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வைகாசியில் ஒரு விடிகாலை சௌந்திரத்தின் ஷெட்டுக்குக் குஞ்சு வண்டி வந்தது. எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

தரையில் புது உமி பரப்பி, வட்ட வட்டமாகத் தகரம் கட்டி, விளக்குகளை இறக்கிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். ஆட்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து குஞ்சுகளைக் கவிழ்த்தார்கள். மஞ்சளாக, ஒரே கீச்சுச் சத்தம். மணியன் குஞ்சுகளின் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டிக்கொண்டே நகர்ந்தார். குமரகுரு சுவரில் புதுப் பெட்டியைப் பொருத்தினார். இந்த முறை ஜெனரேட்டரின் பேட்டரியையும் பார்த்துச் சொல்லும்படி ஒரு ஒயர் கூடுதலாக இழுத்தார். ஒரு தடவை நிறுத்திக் காட்டினார். சௌந்திரத்தின் போனும் மணியனின் போனும் ஒன்றாக அலறின. குஞ்சுகள் ஒரு நொடி அமைதியாகி, மறுபடி ஆரம்பித்தன.

"நல்லாத்தான் கத்துது," என்றார் மணியன். பிறகு அவரே போய்த் தேநீர் கொண்டுவந்து குமரகுருவின் கையில் கொடுத்தார்.

ஷெட்டின் முன் அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் புதிதாகப் போட்டிருந்தது. தலையணை, தண்ணீர்க் குடம், ஆணியில் தொங்கும் இரண்டு சேலைகள். வடக்கத்தித் தம்பதிக்கு வேறு அறை உண்டு. யாருக்கு இது என்று நான் கேட்டேன்.

"எனக்குத்தான் அம்மணி," என்றார் சௌந்திரம். "கோழி புடிச்சு ஏத்தற வரைக்கும் இங்கதான்."

அவருடைய அண்ணன் மகள் தனப்பிரியாவுக்கு அடுத்த வாரம் மேச்சேரியில் கல்யாணம் என்று எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது.

"கல்யாணத்துக்குப் போகோணுமுங்களேக்கா," என்றார் குமரகுரு.

"அவரு போவாரு."

"நீங்களும் போய்ட்டு வாங்கக்கா. ரெண்டு போனுக்கும் அடிக்கும், எம்பட போனுக்கும் அடிக்கும், மாதேசுக்கும் அடிக்கும். ஜெனரேட்டரையும் இப்ப அதுவே பாத்துக்குது. பொட்டி இருக்குதுங்க."

சௌந்திரம் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டுங்க சாமி," என்றார். "நானும் இருக்கறேன்."

மாதேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குமரகுரு கையை அசைத்து வேண்டாமென்றார். ஓர் ஆள் நாலு இடத்துக்குப் போய்வரட்டும் என்றுதான் இத்தனை வருடம் அந்தப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் தோளிலிருந்த லேப்டாப் பையை இறக்கிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். சௌந்திரம் நகர்ந்து இடம் விட்டார். இருவரும் உட்கார்ந்து உள்ளே குஞ்சுகள் தீவனம் கண்டுபிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் ஏறத் தொடங்கியது. கிளம்பலாமா என்று நான் இரண்டு முறை கேட்டேன். அவர் எழுந்திருக்க நேரமாயிற்று.